முப்புரிக் கயிற்றின் மர்மத்தை அவிழ்த்த மேதை

பழனி மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது திண்டுக்கல். பூட்டுக்குப் பெயர் போன ஊர். தோல் பதனிடும் தொழிலுக்கும் அது பெயர் போனது.

ஆட்டுத் தோலை ஊறப் போடுகிறார்கள். மயிரை நீக்குகிறார்கள். பட்டைச் சாற்றிலோ மருந்திலோ நனைக்கிறார்கள். அழுகிப் போக வேண்டிய தோல், வருஷக்கணக்கில் உழைக்கும் செருப்பாகவும் பையாகவும் மாறி விடுகிறது.

அந்தத் தோலில் இருக்கும் முக்கியமான சரக்கு என்ன? அதன் பெயர் கொலாஜன். அது ஒரு வகைப் புரோட்டீன், அதாவது புரதம்.

ஆட்டுத் தோலில் மட்டும் அல்ல. நம்முடைய தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் கொலாஜன் இருக்கிறது. இரத்தக் குழாய்களின் சுவரிலும் அதுதான் இருக்கிறது. நம் உடம்பில் உள்ள புரதங்களில் இதுவே மிக அதிகம்.

சர்க்கரை வியாதிக்காரர்களின் இரத்தக் குழாய் ஏன் கெடுகிறது? கண் ஏன் மங்குகிறது? காலில் புண் வந்தால் ஏன் ஆறுவதில்லை? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிப் போனால், வழியில் கொலாஜன் வந்து நிற்கிறது.

அந்தக் கொலாஜன் எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பதை முதன்முதலாக உலகத்துக்குச் சொன்னவர் ஒரு தமிழர். சென்னையில் இருந்துகொண்டே அதைக் கண்டுபிடித்தார். அவர்தான் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன்.

கோபாலசமுத்திரம் குடும்பம்

ராமச்சந்திரனின் பெயருக்கு முன்னால் நிற்கும் "ஜி" என்ற எழுத்து, திருநெல்வேலிச் சீமையில் உள்ள கோபாலசமுத்திரத்தைக் குறிக்கும். அதுதான் அவருடைய பூர்வீக ஊர். ஆனால் அவர் பிறந்தது எர்ணாகுளத்தில். 1922-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி.

தந்தை நாராயண அய்யர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பிற்காலத்தில் அந்தக் கல்லூரிக்கே பிரின்சிபால் ஆனவர். தாயார் லட்சுமி அம்மாள்.

மற்றப் பிள்ளைகள் பம்பரம் விட்டு விளையாடும் வயதில், ராமச்சந்திரன் தந்தையிடம் உட்கார்ந்து கணக்குப் போட்டார். வீட்டிலேயே கணித வாத்தியார் இருந்ததால், எண்கள் அவருக்குப் பொம்மைகள் ஆயின. பிற்காலத்தில் அவர் செய்த எல்லாக் கண்டுபிடிப்புகளுக்கும் இந்தக் கணக்குதான் அஸ்திவாரம்.

திருச்சியில் படிப்பு

1939-ல் ராமச்சந்திரன் திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் சேர்ந்தார். பௌதிகத்தில் ஆனர்ஸ் படிப்பு.

ஏசு சபைப் பாதிரிமார்கள் நடத்தும் கல்லூரி அது. 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்கு வந்தது. இதே ஏசு சபையார் கோடைக்கானலுக்குப் பக்கத்தில், செண்பகனூரில், 1895-ல் ஒரு குருமடம் அமைத்தார்கள். பழனி மலையின் செடி கொடிகளையும் பறவைகளையும் பூச்சிகளையும் ஆராய்ந்து, அங்கே காட்சிச்சாலையும் வைத்தார்கள். சாமியார்கள் என்றால் வேதம் மட்டும் படிப்பவர்கள் அல்ல, விஞ்ஞானமும் படிப்பவர்கள் என்பதற்குச் செண்பகனூர் ஓர் அத்தாட்சி.

அப்படிப்பட்ட சபையாரின் கல்லூரியில் ராமச்சந்திரன் மூன்று ஆண்டுகள் படித்தார். 1942-ல் பட்டம் பெற்றார்.

ராமனின் மாணவர்

பட்டம் பெற்ற கையோடு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்குப் போனார். சேர்ந்தது மின்சார என்ஜினீயரிங் பிரிவில்!

அப்பொழுது அங்கே பௌதிகப் பிரிவின் தலைவராக இருந்தவர் சர் சி. வி. ராமன். நோபல் பரிசு வாங்கியவர். ராமச்சந்திரனுக்கு மனம் மின்சாரத்தில் ஒட்டவில்லை. ராமனிடம் போனார்.

ராமனுக்குப் பையனைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்து விட்டது. மின்சாரப் பிரிவின் தலைவரிடம் பேசி, ராமச்சந்திரனைத் தம் பிரிவுக்கு இழுத்துக் கொண்டார். இவ்வளவு புத்திசாலியை உங்கள் பிரிவில் விட்டு வைக்க முடியாது என்ற தோரணையில் ராமன் பேசியதாக அந்த நாளைய மாணவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

பெங்களூரில் இருந்தபோதே, 1945-ல், ராமச்சந்திரனுக்கும் ராஜலட்சுமிக்கும் கல்யாணம் நடந்தது. 1947-ல் சென்னை சர்வகலாசாலை அவருக்கு டி.எஸ்சி. பட்டம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 25 கூட நிரம்பவில்லை.

பிறகு இங்கிலாந்துக்குப் போனார். கேம்பிரிட்ஜில் கவண்டிஷ் ஆராய்ச்சிச் சாலையில் இரண்டு ஆண்டுகள் இருந்தார். அங்கே ஊஸ்டர் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, எக்ஸ்ரே கதிரைக் கொண்டு படிகங்களின் மீள்தன்மையை அளக்கும் வேலையைச் செய்தார்.

அழுத்தினால் ஒரு பொருள் எவ்வளவு வளையும், விட்டால் எப்படிப் பழைய நிலைக்குத் திரும்பும் என்பதுதான் மீள்தன்மை. இரத்தக் குழாய்க்கும் அதுதான் உயிர்! ஆனால் அந்த நாளில் ராமச்சந்திரனுக்கு இரத்தக் குழாயோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. 1949-ல் டாக்டர் பட்டத்தோடு பெங்களூர் திரும்பினார்.

சென்னைக்கு அழைப்பு

சென்னை சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார். பௌதிகப் பிரிவை அமைக்க நல்ல ஆள் தேடினார். ராமனிடம் கேட்டார். ராமன் தம் மாணவரைக் காட்டினார்.

1952-ல் ராமச்சந்திரன் சென்னைக்கு வந்து பேராசிரியர் பதவியை ஏற்றுக் கொண்டார். அப்போது அவருக்கு வயது 30.

கிண்டியில் ஆராய்ச்சிச் சாலை. பெரிய கருவிகள் இல்லை. மேல்நாட்டு ஆராய்ச்சிச் சாலைகளோடு ஒப்பிட்டால், கையில் இருந்தது சொற்பம். எதை எடுத்து ஆராய்வது என்று அவர் யோசித்துக் கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் பெர்னால் என்ற பிரசித்தி பெற்ற ஆங்கில விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்பது அவருடைய பேச்சில் வந்தது. பலர் சொன்ன விடைகளில் ஒன்றும் பொருந்தவில்லை.

ராமச்சந்திரன் அதைப் பிடித்துக் கொண்டார்.

கங்காருவின் வால்

கொலாஜனுக்கு எங்கே போவது? கூப்பிடு தூரத்தில்தான் அடையாறு. அங்கே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் ஆராய்கிறவர்களிடம் கொலாஜன் இல்லாமல் இருக்குமா?

ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த கங்காருவின் வால் தசைநார் அங்கே கிடைத்தது. நல்ல, ஒழுங்கான கொலாஜன் நார்கள். ராமச்சந்திரனும் அவரோடு ஆராய்ச்சி செய்த கோபிநாத் கர்த்தாவும் அந்த நாரின் மேல் எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்கள்.

கதிர் நாரில் பட்டுச் சிதறி, பிலிமில் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் விழுந்தது. அந்தப் புள்ளிகளைப் பார்த்து, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். கோலத்தின் நிழலைப் பார்த்துக் கோலத்தைச் சொல்வது போன்ற வேலை அது.

ஒரு துப்பு மட்டும் ரசாயனத்தில் இருந்து கிடைத்தது. புரதங்கள் எல்லாம் அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோத்த மாலைகள். கொலாஜன் மாலையில் மூன்றில் ஒரு பங்கு, கிளைசின் என்ற ஒரே வகை மணி. மணிகளுக்குள் மிகச் சிறியது கிளைசின்தான்.

இவ்வளவு சிறிய மணி ஏன் இத்தனை அதிகமாக இருக்கிறது? காரணம் இல்லாமல் இருக்காது அல்லவா?

ராமச்சந்திரன் விடையைக் கண்டார். கொலாஜன் ஒற்றை மாலை அல்ல. மூன்று மாலைகள் சேர்ந்த முப்புரிக் கயிறு! மூன்றும் சந்திக்கும் நடுப்பகுதி மிகவும் நெருக்கடியான இடம். அங்கே கிளைசின் தவிர வேறு எந்த மணிக்கும் இடம் போதாது. அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வருகிறது.

1954 ஆகஸ்டு 7-ந் தேதி லண்டன் "நேச்சர்" பத்திரிகையில் இந்தச் செய்தி வெளியாயிற்று. கேம்பிரிட்ஜில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைச் சொல்லி ஓராண்டுதான் ஆகியிருந்தது. சென்னையில் இருந்து முப்புரிச் சுருள் கிளம்பியதும் விஞ்ஞானிகள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

நிலவு காட்டிய வழி

ஆனால் கணக்கு முழுவதும் சரியாகவில்லை. எக்ஸ்ரே புள்ளிகள் சில இடங்களில் இடித்தன.

அப்போது ராமச்சந்திரனுக்கு நிலவு நினைவுக்கு வந்தது. நிலவு பூமியைச் சுற்றுகிறது. தன்னைத் தானேயும் சுற்றிக் கொள்கிறது. ஆனாலும் எப்போதும் ஒரே முகத்தையே பூமிக்குக் காட்டுகிறது.

கொலாஜனின் மூன்று மாலைகளும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர் கண்டார். ஒவ்வொன்றும் தனியாகச் சுருண்டிருக்கிறது. மூன்றும் சேர்ந்து, பொதுவான ஓர் அச்சைச் சுற்றி இன்னொரு முறை முறுக்கிக் கொள்கின்றன. சுற்றும்போது கிளைசின் மணி எப்போதும் நடுவை நோக்கியே நிற்கிறது.

கயிறு திரிக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். தனி இழையில் ஒரு முறுக்கு. இழைகள் சேர்ந்து மறுபடியும் ஒரு முறுக்கு. அப்போதுதான் கயிறு அறுந்து போகாது. பழனி மலையில் பளியர்கள் செங்குத்தான பாறையில் தேன் எடுக்க இறங்குகிறார்களே, அவர்களுடைய உயிர் கொடியின் முறுக்கில் தொங்குகிறது. நம் எல்லோருடைய உயிரும் கொலாஜனின் முறுக்கில் தொங்குகிறது!

1955 செப்டம்பரில் இந்தத் திருத்திய அமைப்பு வெளிவந்தது.

எதிர்ப்பு வந்தது

அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் இருந்து ரிச், கிரிக் என்ற இருவரும் கொலாஜன் பற்றி எழுதினார்கள். முப்புரி என்பதை அவர்களும் ஒப்புக் கொண்டார்கள். ஆனால் மாலைகளைப் பிணைக்கும் கட்டுகளின் கணக்கில் சண்டைக்கு வந்தார்கள். மூன்று மணிகளுக்கு இரண்டு கட்டு என்றார் ராமச்சந்திரன். ஒரு கட்டுதான் இருக்க முடியும் என்றார்கள் அவர்கள். ராமச்சந்திரனின் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்களுடைய ஆட்சேபம்.

ராமச்சந்திரனுக்கு மனத்தாங்கல் உண்டாயிற்று. பெரிய இடத்து ஆட்கள். பெரிய ஆராய்ச்சிச் சாலை. சென்னையில் இருந்து வரும் குரல் எங்கே எடுபடப் போகிறது?

வேறொருவராக இருந்தால் சோர்ந்து உட்கார்ந்திருப்பார். ராமச்சந்திரன் உட்காரவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று யாராவது சரியாக அளந்து சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை!

தம் மாணவர்கள் சசிசேகரன், ராமகிருஷ்ணன் இருவரையும் கூட்டிக் கொண்டு அந்தக் கணக்கில் இறங்கினார்.

ஆட்சேபத்தில் பிறந்த செல்வம்

நம் கை, தோளிலும் முழங்கையிலும் திரும்புகிறது. ஆனால் எல்லாத் திசையிலும் திரும்பி விடுமா? சில பக்கம் திரும்பினால் எலும்பு முட்டும். புரத மாலையும் அப்படித்தான். ஒவ்வொரு மணியிலும் இரண்டு இடத்தில் அது திரும்பலாம். எந்தக் கோணத்தில் திரும்பினால் அணுக்கள் முட்டாது, எந்தக் கோணத்தில் முட்டும் என்று அவர்கள் ஒரு படம் போட்டார்கள்.

1963-ல் வெளிவந்த அந்தப் படத்துக்கு "ராமச்சந்திரன் படம்" என்று பெயர். உலகத்தில் எந்த மூலையில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரியா தவறா என்று இந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பொன்னுக்கு உரைகல் மாதிரி, புரதத்துக்கு ராமச்சந்திரன் படம். மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே இந்தப் பெயரைப் படிக்கிறார்கள்.

கட்டுகளின் எண்ணிக்கை பற்றிய சண்டையில் நேரடியான கட்டு ஒன்றுதான் என்பது பிறகு நிலைத்தது. ஆனால் ஆட்சேபம் வந்திராவிட்டால் இந்தப் படமும் வந்திராது. எறிந்த கல்லை எடுத்து வீடு கட்டிக் கொண்டவர் ராமச்சந்திரன்.

நெல்லிக்காயின் பெருமை

கொலாஜன் மாலை கோத்தவுடன் கயிறு பலமாகி விடுவதில்லை. கோத்த பிறகு உடம்பு அதில் சில மாற்றங்களைச் செய்கிறது. புரோலின் என்ற மணியின் மேல் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து, ஹைட்ராக்சிபுரோலின் ஆக்குகிறது. இந்த வேலைக்கு வைட்டமின் சி தேவை.

வைட்டமின் சி இல்லாவிட்டால் என்ன ஆகும்? அந்தக் காலத்தில் மாதக்கணக்கில் கப்பலில் போன மாலுமிகளைக் கேட்க வேண்டும். பச்சைக் காய்கறி கிடைக்காமல் அவர்களுக்கு ஈறு வீங்கி இரத்தம் கசிந்தது. பழைய புண்கள் மறுபடியும் வாய் திறந்தன. சொறிகரப்பான் என்ற ஸ்கர்வி நோய் அது. கொலாஜன் கயிறு முறுக்கு விட்டதால் இரத்தக் குழாய்கள் தாங்கவில்லை. ஒரு நெல்லிக்காயும் ஓர் ஆரஞ்சும் செய்யும் உபகாரம் எவ்வளவு பெரியது, பாருங்கள்!

இந்த ஹைட்ராக்சிபுரோலின் எப்படிக் கயிற்றுக்குப் பலம் தருகிறது என்பதற்கு ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1973-ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். நீர் மூலக்கூறு நடுவில் நின்று பாலம் போடுகிறது என்பது அவர்களுடைய கருத்து. இப்பொழுது வேறு விளக்கங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இந்தச் சின்ன மாற்றம் இல்லாவிட்டால் முப்புரி நிற்காது என்பதில் சந்தேகம் இல்லை.

இது நல்ல மாற்றம். உடம்பே அளவு பார்த்து, இடம் பார்த்துச் செய்கிற மாற்றம். சர்க்கரை வியாதியில் நடப்பது வேறு வகை. அங்கே கேட்பாரில்லை, மேய்ப்பாரில்லை!

காப்பிக் கொட்டையும் இரத்தமும்

பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பி விளைகிறது. பச்சைக் காப்பிக் கொட்டைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. வறுத்தால் பழுப்பாகிறது, தெருவே மணக்கிறது.

காரணம் என்ன? கொட்டையில் உள்ள சர்க்கரைச் சத்தும் புரதச் சத்தும் சூட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொள்கின்றன. ரொட்டியின் மேல்பக்கம் சிவப்பதற்கும் இதுதான் காரணம். மாயார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1912-ல் இதை எடுத்துச் சொன்னார்.

அடுப்பில் சில நிமிஷத்தில் நடப்பது, நம் உடம்புச் சூட்டில் மெல்ல மெல்ல நடக்கிறது. இரத்தத்தில் உள்ள சர்க்கரை புரதங்களின் மேல் போய் ஒட்டிக் கொள்கிறது. எல்லோருக்கும் கொஞ்சம் நடப்பதுதான். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை அதிகமானால், ஒட்டுவதும் அதிகமாகிறது.

சிவப்பு இரத்த அணுவில் உள்ள ஹீமோகுளோபினும் ஒரு புரதம். 1968-ல் டெஹ்ரான் நகரில் சாமுவேல் ரக்பர் என்ற ஆராய்ச்சியாளர், நீரிழிவுக்காரர்களின் இரத்தத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு ஹீமோகுளோபினைப் பார்த்தார். அது சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின்தான்!

இப்பொழுது டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் எச்.பி.ஏ.1சி. சோதனை அதில் இருந்து வந்தது. சிவப்பு அணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ஆகவே இந்தச் சோதனை கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைக் காட்டிக் கொடுத்து விடும். சோதனைக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்ற முடியாது. இது 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று கொள்கிறார்கள்.

உடம்புக்குள் தோல் பதனிடும் வேலை

சிவப்பு அணு நாலு மாதத்தில் போய் விடுகிறது. புது அணு வருகிறது. ஆனால் கொலாஜன் அப்படி அல்ல. அது வருஷக்கணக்கில் அதே இடத்தில் இருக்கிறது. ஒட்டிய சர்க்கரையும் அங்கேயே இருக்கிறது.

நாளாக ஆக, ஒட்டிய சர்க்கரை உருமாறுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கொலாஜன் கயிறுகளை ஒன்றோடு ஒன்று பிணைத்து விடுகிறது. பிணைந்த கயிறுகள் நகர முடியாது. நெகிழவும் முடியாது.

திண்டுக்கல் தோல் தொட்டிகளை நினைத்துப் பாருங்கள். பட்டைச் சாறு தோலின் கொலாஜனைப் பிணைத்துக் கெட்டியாக்குகிறது. செருப்புக்கு அது நல்லது. அதே மாதிரி காரியத்தைச் சர்க்கரை இரத்தக் குழாயில் செய்தால்?

இருதயம் ஒவ்வொரு தடவை இரத்தத்தைத் தள்ளும்போதும் பெரிய குழாய்கள் விரிந்து கொடுக்க வேண்டும். பிறகு சுருங்க வேண்டும். விறைத்துப் போன குழாய் விரியாது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இருதயத்துக்கு வேலை கூடுகிறது. சர்க்கரை ஏறிய சுவர், கெட்ட கொழுப்பையும் பிடித்து வைத்துக் கொள்கிறது. குழாயைத் தளரச் செய்வதற்காக உள்சுவர் விடும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவையும் இந்தப் பழுப்புச் சரக்கு பாழாக்கி விடுகிறது.

கண்ணிலும் சிறுநீரகத்திலும் மயிரிழையை விட மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள கொலாஜன் சவ்வு தடித்துப் போகிறது. தடித்தாலும் காவல் இல்லை; ஒழுகுகிறது. பார்வை மங்குவதும், சிறுநீரில் புரதம் போவதும் இப்படித்தான்.

இந்தக் கெடுதலுக்கு இது ஒன்றே காரணம் என்று நினைத்து விடக் கூடாது. இரத்த அழுத்தம், கொழுப்பு, புகையிலை எல்லாம் கூட்டாளிகள். ஆனால் சர்க்கரை புரதத்தில் ஒட்டுவது அவற்றுள் முக்கியமான ஒன்று.

பழனிக்கு நடப்பவர்கள் கவனத்துக்கு

தைப்பூசத்துக்குப் பழனிக்கு லட்சக்கணக்கானோர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அவர்களில் நீரிழிவு உள்ளவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் சொல்லிற்று.

நீரிழிவு நீடித்தவர்களுக்குக் காலில் நரம்பு மரத்துப் போகலாம். முள் குத்தினாலும் தெரியாது. கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. குழாய் கெட்டிருந்தால் புண்ணுக்கு இரத்தம் போதாது. அற்பப் புண் காலையே வாங்கி விடுவதும் உண்டு.

பக்தியை யாரும் தடுக்கவில்லை. புறப்படும் முன் டாக்டரிடம் காலைக் காட்ட வேண்டும். மரத்த கால் என்றால் செருப்பு இல்லாமல் நடக்கக் கூடாது. இரவு தங்கும் இடத்தில் இரு பாதங்களையும் விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும். மருந்தை வழியில் நிறுத்தக் கூடாது. பஞ்சாமிர்தம் பிரசாதமாக இருக்கட்டும், பலகாரமாக வேண்டாம்.

கோடைக்கானல் குளிரில் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் கால் நீட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். மரத்த காலுக்கு நெருப்பு சுடுவது தெரியாது!

ஒட்டிய சர்க்கரையைப் பிய்த்தெடுக்க நல்ல மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் புதிதாக ஒட்டாமல் தடுக்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 நீரிழிவுக்காரர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. இளம் வயதிலேயே வரும் வகை நீரிழிவு அவர்களுக்கு. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்புக் கெடுதல்கள் வெகுவாகக் குறைந்தன. பல ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களுக்கு மாரடைப்பும் குறைந்திருந்தது. முதலில் காட்டிய கண்டிப்பு, பின்னாலும் காப்பாற்றியது.

இன்னொரு கொடை

ராமச்சந்திரன் 1971-ல் மறுபடியும் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தில் பணி செய்து கொண்டிருந்தார். மூலக்கூறு உயிர்ப் பௌதிகத்துக்கு அங்கே ஒரு தனிப் பிரிவை உண்டாக்கினார்.

அதே 1971-ல் லட்சுமிநாராயணன் என்பவரோடு சேர்ந்து மற்றொரு கணக்கையும் வெளியிட்டார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களைச் சேர்த்து, உள்ளே இருப்பதைப் படமாக்குவது எப்படி என்ற கணக்கு. சி.டி. ஸ்கேன் கருவிகளுக்கு இந்த வகைக் கணக்கு பெரிதும் பயன்பட்டது. அடைபட்ட இரத்தக் குழாயை அறுக்காமலே படம் பிடித்துக் காட்டுகிறதே அந்தக் கருவி, அதற்குப் பின்னாலும் அவருடைய மூளை நிற்கிறது.

1979-ல் சி.டி. ஸ்கேனுக்காக நோபல் பரிசு இரண்டு பேருக்குப் போயிற்று. ராமச்சந்திரனுக்கு எந்த ஆண்டும் அந்தப் பரிசு வரவில்லை. 1961-ல் பட்நாகர் பரிசு கிடைத்தது. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கிக் கொண்டது. 1999-ல் படிக விஞ்ஞானிகளின் உலகச் சங்கம் ஈவால்ட் பரிசு கொடுத்தது.

கடைசி நாட்கள்

பிற்காலத்தில் அவர் தர்க்க சாஸ்திரத்தில் இறங்கினார். நம் நாட்டுப் பழைய நியாய நூல்களின் முறையைக் கணிதமாக்கப் பார்த்தார்.

கடைசி ஆண்டுகள் சுகமாக இல்லை. கைகால் நடுக்கும் பார்க்கின்சன் நோய் அவரைப் பிடித்தது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி காலமானார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கூட இருந்த துணை போனதும் அவர் ஒடிந்து போனார். 2001 ஏப்ரல் 7-ந் தேதி சென்னையில் அவரும் கண் மூடினார். வயது 78.

கங்காரு வால் கொடுத்த தோல் ஆராய்ச்சி நிலையம் அவரை மறக்கவில்லை. அங்குள்ள மண்டபத்துக்கு முப்புரிச் சுருளின் பெயரையே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள்.

ராமச்சந்திரன் நீரிழிவுக்கு மருந்து கண்டுபிடித்தவர் அல்ல. அவர் வைத்தியரும் அல்ல. ஒரு கயிறு எப்படித் திரிக்கப்பட்டிருக்கிறது என்று காட்டினார், அவ்வளவுதான். ஆனால் கயிறு திரிந்த விதம் தெரிந்த பிறகுதான், அது எந்த இடத்தில் கெடுகிறது என்று மற்றவர்களால் தேட முடிந்தது.

நம் ஒவ்வொருவருடைய இரத்தக் குழாயிலும் அந்த முப்புரிக் கயிறு இருக்கிறது. அதைச் சர்க்கரை பிணைத்து விடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.